நாண்

பெட்டியின் மேல் நான்தான் எழுதினேன்:
ஹேஸ்டி நோட். பெண் குதிரை. ஆறு வயது. இடது முன்கால்.
ஒரு கோடி அணுக்கள். குளிரில் வைக்கவும், உறைய விடவேண்டாம்.

மூன்று வாரமாக அவளை எனக்குத் தெரியும்,
குதிரையாக அல்ல.
மார்பெலும்புக்குள் ஊசி போய் இழுத்த
இருபது மில்லி சிவப்பாக வந்தாள்.
குடுவையின் தரையைப் பற்றிக்கொண்டவை மட்டும் அவள்.
மிதந்தவற்றைக் கழுவி ஊற்றினேன்.
காலையிலும் இரவிலும்
லென்ஸுக்கு மேல் குனிந்து பார்ப்பேன்:
மெலிந்து, நீண்டு, இருமுனையும் கூர்த்து,
சொல்லிவைத்தாற்போல் ஒரே பக்கம் திரும்பும்
அயிரைக் கூட்டம்.

அவற்றுக்கு ஊட்டியது
பிறக்காத கன்றின் சீரம்.
அதைக் குறிக்கப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
அதற்குமேல் எழுத இடம் இல்லை.

தமிழில் இவற்றுக்குக் குருத்தணு என்று பெயர்.
குவெல்ஃபில் என் ஆய்வகத்தில்
அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல
இன்குபேட்டரைத் தவிர ஆளில்லை.
சொல்லியிருக்கிறேன்.

வழக்கமாகக் கூரியர் எடுத்துப் போவார்.
அன்று பெப்ரவரிப் புயல்; அவர் வரவில்லை.
பெட்டியை முன்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டு,
எலோராவுக்கு நானே ஓட்டினேன்.
சிற்பம் ஒன்றும் இல்லாத எலோரா,
பெயரை மட்டும் இரவல் வாங்கிய ஒன்ராறியோ ஊர்.

லாயத்தில் ஒரு ஹீட்டர், ஒரு கிழட்டு நாய்,
சாணம் அப்பிய பூட்ஸோடு டார்லீன் வான்டர்ஹூக்.
"இவளை வளர்த்தது நீங்கள்தானா?"
என்ன சொல்வது?
கை கொடுத்தேன்.

பிறகு அவளைப் பார்த்தேன்.
என் குடுவையில் அடங்கியவள்
கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.
மயக்கமருந்தில் கீழுதடு தொங்க,
மூச்சுவிட்டபோது என் கண்ணாடி மங்கியது.

டாக்டர் மெக்கில்ரே காலை மழித்து, ஜெல் தடவி,
திரையைக் காட்டினார்.
சாம்பல் நிறத் தசைநாண்.
அதன் நடுவே பட்டாணி அளவில் ஒரு கறுப்பு.
இவ்வளவுதானா என்று கேட்க வாயெடுத்து நிறுத்தினேன்.
மணிக்கு ஐம்பது கிலோமீட்டர்
அந்தப் பட்டாணிக்குள் விழுந்து கிடந்தது.

வில்லுக்கும் நாண், காலுக்கும் நாண்,
வெட்கத்துக்கும் அதே நாண்.
எங்களூர்ச் சொல் சிக்கனம் அப்படி.

நாலாயிரத்து இருநூறு டாலர்.
ட்ரெய்லரை விற்றிருந்தாள் டார்லீன்.
"ஓடாமலே போகலாம்" என்றார் டாக்டர்.
"தெரியும். ஊசியைப் போடுங்கள்."
மூன்று இடத்தில் குத்தினார்.
என் மூன்று வாரம் அரை நிமிடத்தில் உள்ளே போனது.

அதன்பின் நாளுக்கு ஐந்து நிமிடம் நடை, கயிற்றைப் பிடித்து.
அடுத்த மாதம் பத்து.
டார்லீன் செய்தி அனுப்புவாள், எண்ணை மட்டும்.
15.
20.
ஒருநாள்: 20, என்னைக் கடித்தாள்.

அக்டோபர் ஸ்கேனில் கறுப்பு இல்லை.
இழைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.
பெரும்பாலும்.
அணுக்கள் செய்ததா, எட்டு மாத ஓய்வு செய்ததா?
மெக்கில்ரே சிரித்தார்:
"இதே கால், இதே காயம், இன்னொன்று இருந்து
அதை நாம் தொடாமல் விட்டிருந்தால் சொல்லலாம்."
குதிரைக் கொம்பு என்பது
இந்தத் தொழிலில் இதுதான் போலிருக்கிறது.

நேற்று ஒரு வீடியோ வந்தது.
காலையிருள், ஈரப் பாதை, குலுங்கிக் குலுங்கிக் கைப்பேசி.
ஹேஸ்டி நோட் திரையில் அரைகுறையாகத்தான் தெரிகிறாள்.
கண்ணை மூடிக் குளம்பை மட்டும் கேட்டேன்.
டக் டக், டக் டக்.
இரண்டாம் முறையும் சீராகத்தான்.
நாலாம் முறை கேட்டபோது
எங்கோ ஒரு டக் சற்றுப் பிந்துவதுபோல.
சேறாக இருக்கலாம்.
ஸ்பீக்கராகவும் இருக்கலாம்.
ஒலியைக் கூட்டி மறுபடி வைத்தேன்.